இரண்டு இல்லை, இரண்டு அல்ல

அந்த மருத்துவமனையில் வெளிநோயாளர் டோக்கன் முன்பதிவு காலை 5.30க்குத் திறக்கும். திறந்த கால் மணி நேரத்துக்குள் இதய மருத்துவரின் அன்றைய இடங்கள் நிரம்பிவிடும். இரவுப் பேருந்தில் சென்னைக்கு வந்துகொண்டிருப்பவர்கள் பேருந்தில் இருந்தபடியே கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பெட்டியும் அதன் திரையும்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் 5.20க்கு நான் செய்த ஒரு மாற்றம் அந்த முன்பதிவுத் தளத்தை மூடியது. மறுபடி அது திறந்தபோது மணி 6.01.

அன்று நான் கற்றது பெட்டிகளைப் பற்றிய பாடம் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். அப்பா காலமான பிறகு அவருடைய சைவ சித்தாந்த வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன். நான் தடுக்கி விழுந்த இடம் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழில் வாதாடிவரும் ஒரு கேள்வி என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பொருள்கள் ஒன்றாக இருக்கின்றன என்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்?

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தால் ஒரு சர்வர் தாங்காது. எட்டு, பத்து சர்வர்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு முன்னால் ஒரு பெட்டியை வைப்போம். வருகிறவர்களைப் பார்த்துப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதுதான் லோடு பேலன்சர். கல்யாணப் பந்தியின் வாசலில் நின்று, 'நீங்க அந்த வரிசைக்குப் போங்க, நீங்க இங்க உக்காருங்க' என்று அனுப்புகிறாரே ஒருவர், அவரைப் போல. அவர் மயங்கி விழுந்தால் பந்தியே நின்றுவிடும். அதனால் அவருக்குப் பின்னால் இன்னொருவரை நிறுத்துகிறோம். பெட்டிகள் எப்போதும் இரட்டையாகவே இருப்பது இதனால்தான். ஒன்று ஆக்டிவ், மற்றது ஸ்டாண்ட்பை. இரண்டுக்கும் சொந்தமாக ஒவ்வொரு ஐபி முகவரி உண்டு. வெளியுலகம் அறிவது மூன்றாவதாக ஒரு முகவரியை. அது எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை. எது ஆக்டிவோ அதன்மேல் வந்து உட்காரும்.

இரட்டையாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால், சும்மா நிற்கும் ஸ்டாண்ட்பையில் மட்டும் மாற்றலாம். அங்கே வைத்துப் பார்க்கலாம். திருப்தி என்றால் முகவரியை அதன்மேல் நகர்த்தலாம். ஃபெயில்ஓவர் என்பது இதைத்தான். தவறாகப் போனால் முகவரியைப் பழைய பெட்டிக்கே திருப்பிவிடலாம். பழைய பெட்டியை யாரும் தொடவில்லை, நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. புதியது சில நாள் நன்றாக ஓடிய பிறகுதான் பழையதற்கும் அந்த மாற்றத்தைப் படி எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் படியெடுப்பை சிங்க் என்போம்.

அன்று நான் இந்த முறையைத்தான் பின்பற்றினேன். பின்னால் எட்டு சர்வர்கள். ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி சில விநாடிகளுக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும். அது ஹெல்த் செக். அதுவரை கதவு திறக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு திறந்து உள்ளே ஆளில்லாத சர்வரும் இருக்கலாம் அல்லவா? ஆகவே ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் கேட்டு, 200 என்ற பதில் வந்தால் மட்டுமே உயிரோடு இருப்பதாகக் கொள்ளும்படி மாற்றச் சொன்னார்கள். நல்ல மாற்றம்தான். ஸ்டாண்ட்பையில் போட்டேன். அந்த சர்வர்களோ அந்தப் பக்கத்தைக் கேட்டவுடன், 'பாதுகாப்பான முகவரிக்குப் போ' என்று 301 என்ற பதிலைக் கொடுத்துக்கொண்டிருந்தன. 301 என்பதும் உயிருள்ளவன் சொல்லும் பதில்தான். ஆனால் நான் எழுதிய விதியில் 200 அல்லாதது எல்லாம் மரணம்.

இதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்டாண்ட்பையின் திரையில் எட்டு சிவப்பும் ஆக்டிவின் திரையில் எட்டுப் பச்சையும் தெரிந்திருக்கும். அந்த முரண்பாட்டைப் பார்த்திருப்பேன், யோசித்திருப்பேன், மாற்றத்தைத் திரும்ப எடுத்திருப்பேன். நான் பார்க்கத் தவறியது வேறு. தானாகவே சிங்க் ஆகும்படி யாரோ எப்போதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். நான் சேமித்த சில விநாடிகளில் என் மாற்றம் ஆக்டிவ் பெட்டிக்கும் போய்விட்டது. அங்கேயும் எட்டு சிவப்பு. செத்த சர்வருக்கு ஆளை அனுப்பக் கூடாது என்பது பெட்டியின் தர்மம். எட்டையும் விலக்கி வைத்துவிட்டது.

எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆக்டிவில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஃபெயில்ஓவர் செய்தேன். இரண்டாவது பெட்டியும் அதையே சொன்னது. அங்கேதான் நான் வழி தவறினேன். ஒரு பெட்டி சொன்னால் சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே குரலில் சொல்கின்றன, அப்படியானால் சர்வர்கள் உண்மையிலேயே விழுந்துவிட்டன என்று முடிவுகட்டினேன். சர்வர் பிரிவில் இருந்தவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, "சர்வரெல்லாம் நல்லாத்தான் மேடம் இருக்கு" என்றார். "இல்லீங்க, ரெண்டு பெட்டியும் டவுன்னு சொல்லுது" என்றேன். இதையே மூன்று முறை சொல்லியிருப்பேன். நேரம் ஓடியது. கடைசியில் ஓய்வுபெறும் வயதிலிருந்த எங்கள் மூத்த பொறியாளரை அழைத்தேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அமைதியாக ஒன்று சொன்னார்.

"ரெண்டு பெட்டி எங்கம்மா இருக்கு? ஒரு பெட்டிதானே இருக்கு."

அடுத்த இரண்டு நிமிடத்தில் பழைய விதியைத் திரும்பப் போட்டேன். எட்டும் பச்சையாயின.

அவர் சொன்ன அந்த வரி என்னை விடவில்லை. கண்ணெதிரே அடுக்கில் மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகள். தனித்தனி வரிசை எண், தனித்தனி மின் இணைப்பு. தொட்டு எண்ணினால் இரண்டு. ஆனால் உள்ளே எழுதியிருந்த விதிகள், அதாவது கான்ஃபிக், எழுத்துக்கு எழுத்து ஒன்று. அந்தக் காலையில் எனக்குத் தேவைப்பட்ட காரியத்தைப் பொறுத்தவரை அங்கே இரண்டாவது என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரே சாட்சியை இரண்டு கூண்டில் ஏற்றி விசாரித்துவிட்டு, இரண்டு சாட்சியம் கிடைத்தது என்று நம்பியிருக்கிறேன்.

இதே தவறு இதைவிடப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர்களின் ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகப் புறப்பட்டது. முதன்மை எஞ்சினைப் பற்றவைத்த சுமார் 40 விநாடிகளில் அது திசை மாறி, உடைந்து, வெடித்துச் சிதறியது. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்து சொல்லும் கருவி அதில் இரண்டு இருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றது தயார்நிலையில் நிற்கும். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புள்ள ஒரு எண்ணை 64 பிட் வடிவத்திலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், அந்த எண் 16 பிட்டில் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஏரியான் 4இல் பிரச்சினையில்லாமல் ஓடிய நிரல் அது. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். வேலை செய்துகொண்டிருந்த கருவி நின்றது. கணினி துணைக்கருவியின் பக்கம் திரும்பியது. அதுவோ அதற்கு முந்தைய 72 மில்லிவிநாடிச் சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. ஒரே நிரல், ஒரே எண், ஒரே முடிவு.

கணித மேதை ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தபோது என் 41 நிமிடங்கள்தான் நினைவுக்கு வந்தன. உறுப்பு தேய்ந்து பழுதாகும், அப்படிப் பழுதானால் அடுத்தது இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் அந்த இரட்டையை அமைத்திருந்தார்கள். ஒன்றில் மின்சாரம் போகும், ஒன்றின் சில்லு எரியும் என்றால் இரட்டை காப்பாற்றும். இரண்டின் உள்ளேயும் இருப்பது ஒரே நினைப்பு என்னும்போது, அந்த நினைப்பே பிழையானால் இரட்டை எதைக் காப்பாற்றும்?

அப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். அப்பா எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கணக்கராக இருந்தார். மயிலாடுதுறைப் பக்கம், காவிரிக் கிளையாறு ஒன்றின் கரையில் சின்னக் கோயில். மாதம் ஒரு ஞாயிறு சித்தாந்த வகுப்புக்குப் பேருந்தில் போய்வருவார். நாற்பது பக்க நோட்டுகளில் நீல மையில் எழுதுவார், முக்கியமானதைச் சிவப்பில் அடிக்கோடிடுவார். அளவை என்ற தலைப்பில் எட்டுப் பக்கம் இருந்தது. அறிவு எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வந்தால் நம்பலாம் என்பதற்கான இலக்கணம் அது. மணிமேகலையில் சமயவாதிகள் ஒவ்வொருவராகப் பேசும் காதையில் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். சித்தாந்திகள் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

அந்தப் பத்தில் ஒன்று அபாவம். ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. வீட்டில் செருப்பு இல்லை என்று அறிவது போல. இந்தச் சொல்லைப் பார்த்ததும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்ட்பை பெட்டிக்கு இருக்கும் ஒரே அறிவு இதுதானே!

இத்தகைய இரட்டைகள் பலவற்றில் விஆர்ஆர்பி என்ற நெறிமுறை ஓடுகிறது. 1998இல் முதலில் வகுக்கப்பட்டது. ஆக்டிவ் பெட்டி வழக்கமாக விநாடிக்கு ஒரு முறை, 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிறு அறிவிப்பை அனுப்பும். ஸ்டாண்ட்பை பதில் பேசாது, கேட்டுக்கொண்டே இருக்கும். தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் வரும் நேரம் கடந்து, இன்னும் ஒரு சிறு பொழுதும் போய்விட்டால் மற்றது இறந்தது என்று கொண்டு முகவரியைத் தன்மேல் எடுத்துக்கொள்ளும். முன்னுரிமை எண் 100 ஆக இருக்கும் பெட்டிக்கு இது மொத்தம் 3.6 விநாடி. இந்த 3.6 விநாடியும் குரல் வராததை வைத்துச் செய்யும் அனுமானம். ஆனால் குரல் வராததற்கு ஆள் இல்லாததுதான் காரணமா? நடுவில் இருக்கும் கம்பி அறுந்திருக்கலாம். அப்போது இரண்டு பெட்டிகளும் உயிரோடு இருந்துகொண்டு, இரண்டும் 'நானே ஆக்டிவ்' என்று ஒரே முகவரிக்குப் பதில் சொல்லத் தொடங்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் அஞ்சும் நிலை அது. ஸ்ப்ளிட் பிரெய்ன் என்பார்கள். அபாவத்தைத் தனி அளவையாக ஏற்பதா வேண்டாமா என்று பழையவர்கள் அவ்வளவு தூரம் வாதாடியது வீணில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே நெறிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆக்டிவ் பெட்டி தானாக விலகும்போது, தன் முன்னுரிமையைப் பூஜ்யம் என்று போட்டு ஒரு கடைசி அறிவிப்பை அனுப்பும். அதைக் கேட்ட ஸ்டாண்ட்பை மூன்று விநாடி காத்திருக்காது. ஒரு விநாடிக்குள் பொறுப்பேற்றுக்கொள்ளும். இறந்த பெட்டியின் இடத்தை நிரப்ப 3.6 விநாடி, துறந்த பெட்டியின் இடத்தை நிரப்ப ஒரு விநாடிக்கும் குறைவு. 'நான் இப்போது பூஜ்யம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவரால் பின்னால் வருகிறவர்களுக்கு எவ்வளவு சிரமம் குறைகிறது! ஃபெயில்ஓவர் சோதனையில் நாங்கள் செய்வதும் இதையே. வேலை செய்துகொண்டிருக்கும் பெட்டியை விலகச் சொல்லிக் கேட்கிறோம். அதனால்தான் சாவை அதில் முழுக்கச் சோதித்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது வேறு சோதனை. அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

அப்பா சிவப்பில் இரண்டு கோடு போட்டிருந்த பக்கம் 'அத்துவிதம்' என்ற சொல்லைப் பற்றியது. துவிதம் என்றால் இரண்டு. முன்னால் இருக்கும் 'அ' மறுக்கிறது. எதை மறுக்கிறது என்பதில்தான் சமயங்கள் பிரிகின்றன. அந்த மறுப்புக்கு மூன்று பொருள் சொல்லலாம்: இன்மை, அன்மை, மறுதலை. இன்மை என்று கொண்டால் இரண்டு இல்லை, உள்ளது ஒன்றே. ஏகான்மவாதம் அந்த வழி போகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரத்தில் சிவஞானபோதத்தைச் செய்த மெய்கண்டாரின் சித்தாந்த மரபு அன்மைப் பொருளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு இல்லை என்பதல்ல. இரண்டு அல்ல என்பது. பொருள்கள் இரண்டாகவே இருக்கின்றன. ஆனால் பிரிந்து நிற்கும் இரண்டாக இல்லை.

இல்லை, அல்ல. நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். அப்பா பக்க ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தார்: 'அது என் வீடு இல்லை, அது என் வீடு அல்ல. பேச்சில் ஒன்றாகிவிட்டது. பொருளில் ஒன்றாகக் கூடாது.'

அந்த விடியற்காலையில் என் பெட்டிகள் இரண்டு இல்லை என்ற நிலையில் இருந்தன. மூத்தவர் சொன்னது அதைத்தான். அவை இருக்க வேண்டியது இரண்டு அல்ல என்ற நிலையில். வெளியே நிற்கும் நோயாளிக்கு அவை இரண்டாகத் தெரியவே கூடாது. ஒரே முகவரி, ஒரே வாசல். எனக்கு, அந்த மாற்றத்தின் இரவில் மட்டுமாவது, அவை வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். ஒன்று நேற்றைய நிலையில், ஒன்று நாளைய நிலையில். அந்த வேறுபாடு இருந்தால்தான் பச்சையும் சிவப்பும் பக்கம்பக்கமாகத் தெரியும். அறிவு வருவது அந்த இடைவெளியின் வழியாக.

இரண்டு அல்ல என்னும் இந்த உறவைச் சித்தாந்தம் ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்றாகச் சொல்கிறது. உடலும் உயிரும் போல ஒன்றாய்; கண்ணும் சூரியனும் போல வேறாய்; கண்ணின் ஒளியும் உயிரின் அறிவும் போல உடனாய். உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைச் சொல்ல வந்த வாய்பாட்டை அடுக்கில் இருக்கும் இரண்டு இரும்புப் பெட்டிகளுக்குப் பொருத்துவது சரியா என்று பல நாள் யோசித்தேன். அப்படியே பொருந்தாது. இறைவன் முதல், உயிர் அவனைச் சார்ந்தது. என் பெட்டிகள் இரண்டும் சமம். ஆனால் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒன்றாக இருப்பதும் வேறாக இருப்பதும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை; இரண்டையும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிக்க முடியும்; அப்படிப் பிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. அந்த நீல மை நோட்டில்தான் படித்தேன்.

எனக்குப் பத்து வயதில் எங்கள் கோயிலில் திருப்பணி நடந்தது. பாலாலயம் செய்தார்கள். மூலவரிடமிருந்து இறைச்சக்தியைக் கலாகர்ஷணம் என்ற கிரியையால் கும்பத்துக்கு வாங்கி, அதிலிருந்து அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கு மாற்றி, பக்கத்து மண்டபத்தில் வைத்தார்கள். தினப்படி பூசை அங்கே நடந்தது. கருவறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"சாமி இப்ப எங்கப்பா இருக்கு?"

"எங்க கூப்பிட்டு உக்கார வச்சிருக்கோமோ அங்க."

"அப்ப உள்ள?"

"உள்ள இப்ப கல்லு கல்லாத்தான் இருக்கு. அதனாலதான் ஸ்தபதியும் ஆளுங்களும் உள்ள காலை வைக்க முடியுது."

"ரெண்டு எடத்துலயும் இருக்கக் கூடாதா?"

அப்பா கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "சாமி எல்லா எடத்துலயும் இருக்கு பாப்பா. நாமதான் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க முடியாது. எந்த வாசல்ல நிக்கணும்னு ஊருக்குத் தெரியணும்ல."

முகவரி ஒரு நேரத்தில் ஒரு பெட்டியின்மேல்தான் உட்கார வேண்டும் என்ற விதியைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அது புதிதாகவே இல்லை. புதிதாக இருந்தது வேறொன்று, அதைக் கவனிக்கவும் வெகு நாள் ஆயிற்று. பாலாலயப் பலகை மூலவரின் படி கிடையாது. மூலவர் கல், இது அத்தி மரம். மூலவர் லிங்கம், இது வரைந்த உருவம். பீடத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் அஷ்டபந்தன மருந்து இளகிப்போனதால்தான் திருப்பணியே வந்தது. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து இடித்த அந்த மருந்துக்கு வரும் நோய் மரப்பலகைக்கு வராது. பதிலாள் அதே பொருளால் ஆனவனாக இல்லாததால், மூலத்தின் பிழை அவனைத் தொடவில்லை. ஏரியானின் துணைக்கருவிக்கு இல்லாமல் போனது அதுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பிழைத் தொற்றை யோசித்து மரத்தைத் தேர்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆகமம் சொன்னபடி செய்தார்கள். ஆனாலும் அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இரட்டைப் பெட்டிகளை ஒரே அச்சாக வைத்திருப்பதே பத்திரம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது?

இப்போது நான் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. தானியங்கி சிங்க்கை முதலில் நிறுத்துவேன். நிறுத்தியது உண்மையா என்று அறிய, யாரையும் பாதிக்காத ஒரு சின்னக் குறிப்பை ஸ்டாண்ட்பையில் எழுதி, அது மற்றதில் தோன்றவில்லை என்று கண்ணால் பார்ப்பேன். டிக் இல்லை என்பது உரை; குறிப்பு தோன்றவில்லை என்பது காட்சி. இரண்டு கான்ஃபிக்குகளையும் வெளியே ஓரிடத்தில் சேமித்துக்கொண்டு, அதன் பிறகுதான் மாற்றத்தைப் போடுவேன். மாற்றியதும் அவசரப்பட மாட்டேன். இரண்டு திரையையும் அருகருகே வைத்து, எட்டு சர்வரையும் இரண்டு பெட்டிகளும் எப்படிப் பார்க்கின்றன என்று ஒப்பிடுவேன். ஸ்டாண்ட்பையில் மட்டும் ஒரு சோதனை முகவரியை வைத்து, என் கணினியிலிருந்து அதன் வழியாக உள்ளே போய்ப் பார்ப்பேன். பிறகுதான் ஃபெயில்ஓவர். அதன் பிறகும் பழைய பெட்டியைத் தொட மாட்டேன். ஒரு வாரம் அது நேற்றிலேயே நிற்கும். திரையின் மேல்மூலையில், 'இரண்டும் ஒத்துப்போகவில்லை' என்று மஞ்சள் எச்சரிக்கை எரிந்துகொண்டே இருக்கும். மேலாளர்களுக்கு அந்த மஞ்சள் பிடிப்பதில்லை. ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று கேட்பார்கள். அந்த மஞ்சள்தான் நாம் திரும்பிப் போகும் வழி என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்கிறேன். சிங்க் செய்யும் நாளில் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு என்பதை வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே பொத்தானை அழுத்துவேன். திசை மாறினால் புதியது அழிந்துபோகும். அல்லது கெட்டது நல்லதன்மேல் ஏறிவிடும்.

இவ்வளவு செய்தும் தீராத ஒன்று இருக்கிறது. சோதனை முகவரி வழியாக நான் போய்ப் பார்ப்பது வேறு, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போவது வேறு. ஸ்டாண்ட்பையில் எவ்வளவு பார்த்தாலும் அது கருதல்தான். முகவரி நகரும் கணத்தில்தான் காட்சி. அந்தக் கணத்தில் யாரோ ஒருவர் முதலில் நுழைகிறார். தான் ஒரு புதிய பெட்டியின் வழியாகப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நானே முதல் ஆளாக இருந்துவிடலாம் என்று கைபேசியைத் தயாராக வைத்துக்கொண்டு பலமுறை முயன்றேன். முடிந்ததில்லை. நான் விரலை வைப்பதற்குள் யாராவது வந்துவிடுகிறார்கள். எந்த நடுநிசியிலும் ஒரு மருத்துவமனையின் வாசலில் யாரோ நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த முதல் ஆளுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்? இந்தக் கேள்விக்கு அப்பாவின் நோட்டிலும் பதில் கிடைக்கவில்லை. அவரைச் சோதனைக்கு ஆட்படுத்தாமல் எந்த மாற்றமும் சாத்தியமில்லை. மாற்றாமலேயே இருப்பதும் வேறு சிலரை வேறு விதத்தில் கைவிடுவது. செத்த சர்வருக்குள் ஆளை அனுப்பிக்கொண்டிருந்த பழைய ஹெல்த் செக்கால் எத்தனை பேர் வெற்றுத் திரையைப் பார்த்திருப்பார்கள்! என்னால் முடிந்தது, அவர் நுழையும்போது நான் விழித்திருப்பது, திரும்பும் வழியைத் திறந்து வைத்திருப்பது. இது போதுமா என்று எனக்குத் தெளிவில்லை. போதாது என்றே சில இரவுகளில் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு செவ்வாய் இரவு. மாற்றங்கள் செய்யும் நேரத்தை இப்போதெல்லாம் 1.30க்கு மாற்றிக்கொண்டுவிட்டோம், அப்போதுதான் கூட்டம் மிகக் குறைவு. என்னோடு ஒரு இளம்பெண் இருந்தாள், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சர்வர்களைப் பொறுத்தவரை திரைகள் இரண்டும் ஒத்துப்போயின. சோதனை முகவரி சரியாக வந்தது. "எந்தப் பெட்டிம்மா ஆக்டிவ்?" என்று கேட்டேன். மேலே உள்ளது என்றாள். "கீழ உள்ளதுக்குப் போகலாமா?" "போகலாம் மேடம்." பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். மேலே உள்ளது பூஜ்யம் என்று சொல்லி விலகியது. கீழே உள்ளது எடுத்துக்கொண்டது.

"சிங்க் எப்ப மேடம்?"

"அடுத்த செவ்வாய்."

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பதிவேட்டைத் திறந்து புதிய பெட்டியின் முதல் வரியைப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். 1.42க்கு, ஒரு கைபேசியிலிருந்து, யாரோ அவசர சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி எண் இருக்கும் பக்கத்தைக் கேட்டிருந்தார். பதில் 200. அந்த வரியை அவளிடம் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் கீழே அடுத்த வரிகள் வந்துகொண்டிருந்தன.